கூரை பார்த்து வாங்கிய கார்

எந்த இடத்துக்குள் போனாலும் அவர் முதலில் மேலேதான் பார்ப்பார்.

பெங்களூர் நீலசந்திராவில் என் பக்கத்து வீடு காலியானபோது வாடகைக்குப் பார்க்க வந்தார். வீட்டுக்காரர் தண்ணி வரும் நேரம், கரண்டு மீட்டர், குப்பை போடும் இடம் எல்லாம் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணாந்து நின்றார். என் வாசலில் ஒட்டடைக்கம்பு கிடந்தது. கேட்காமல் எடுத்தார். அதன் அடிப்பக்கத்தால் கூரையை அங்கங்கே தட்டினார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னா பெரியவரே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"யாரும் இல்ல. கெட்டியாத்தான் கீது. நாளைக்கே வந்துடறோம்."

வாடகை எவ்வளவு என்று அவர் சம்சாரம்தான் கேட்டார்.

கே.ஜி.எஃப். ஆள். தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் இருக்க மரம் வெட்டி முட்டுக் கொடுக்கிற வேலை. மைனை மூடிவிட்டார்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்து பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் நிறைய. அதில் இதுவும் ஒன்று. அவர், அவர் சம்சாரம், ஒரே மகன். அப்பனுக்குப் பிறகு மைனில் வேலை என்று நம்பி இருந்த பையன். இப்போது அவன் கையில் டிரைவிங் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது.

நான் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரை அண்ணே என்பேன், அவர் சம்சாரத்தை அண்ணி என்பேன். அவர் தம்பி என்பார்.

பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் சீட்டைத் தேடுவார்கள். அவர் மேல் தகட்டைப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் உத்தரம் எங்கே போகிறது என்று பார்த்து அதற்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்கள் தெருமுனை டீக்கடைக்குத் தகரக் கூரை. மழையில்கூட உள்ளே வரமாட்டார். கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு வெளியே நின்று குடிப்பார். எங்கள் சந்துக்கு மேலே ஏரோப்ளேன் தாழப் போகும். அவர் அண்ணாந்தால் பிள்ளைகளும் அண்ணாந்து நிற்கும்.

"ஏரோப்ளேன் எங்க தாத்தா?"

வானத்தில் சத்தமே இருக்காது. கேலி அது. அவருக்கும் தெரியும்.

"இப்பத்தான் போச்சு. நீ லேட்டு," என்பார்.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவராகச் சொன்னார். சுரங்கத்தில் கீழே அவரும் கூட்டாளி ஒருத்தரும் மரம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேல்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்த்து, கெட்டி, நில்லு என்று சொன்னது இவர்.

"வூட்ல இன்னா கொழம்புன்னு கேட்டேன் தம்பி. 'கருவாட்டு'ன்னான். அவ்ளோதான், பாறை அவன் மேல வந்துடுச்சு. கை நீட்டினா தொடற தூரம்."

அப்புறம் டீ கிளாஸைக் கவிழ்த்துத் தரையில் ஊற்றினார்.

"தலைமேல இருக்கறத நம்பாத. தரை ஆளைக் கொல்லாது."

இதை அவர் அடிக்கடி சொல்வார். எதற்குச் சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைனில் கொடுத்த தொகை ஒரு தடவைதான் வரும். கே.ஜி.எஃப்.பில் பலபேர் அதைச் சீட்டில் போட்டார்கள், குடித்தார்கள், மகளுக்குச் செய்தார்கள். இவர் மகனுக்குக் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற காண்டிராக்ட்காரன் ஒருத்தன் சொல்லியிருந்தான். சின்ன வண்டி வேண்டாம், பின்னால் டிக்கி நீண்ட வண்டி, நாலு பேர் முட்டி இடிக்காமல் உட்காருகிற வண்டி கொண்டுவா, பையனுக்கு வேலை உண்டு. வாரம் முழுக்க கம்பெனிக்கு ஓடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு. அண்ணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரிசு. ரயிலில் தொங்காமல் கே.ஜி.எஃப். போய்த் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம்.

"அவன் ஒக்காற எடம் தம்பி. நாள் பூரா அதுக்குள்ளதான் இருப்பான். பாத்துதான் வாங்கணும். நீ கூட வா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேன் கிடையாது. போனேன்.

முதலில் பையனின் ஆசைக்காக புது வண்டி ஷோரூமுக்குப் போனோம். தரை கண்ணாடி மாதிரி வழவழப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார் அண்ணி. நடுவில் ஒரு நீலக் கார். பையன் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். முகம் சின்னப் பிள்ளை முகம் ஆகிவிட்டது. டை கட்டின பையன் ஒருத்தன் மைலேஜ், ஏசி, பவர் ஸ்டியரிங் என்று ஆரம்பித்தான். அண்ணன் ஒருதரம் சுற்றி வந்தார். உள்ளங்கையை விரித்து கார் கூரைமேல் வைத்து அழுத்தினார். தகடு உள்ளே போய், கையை எடுத்ததும் 'டொப்' என்று மேலே வந்தது.

டை கட்டின பையன் தொடாதே என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தான். "ஏனு சார் இது? டச் மாடபேடி சார்!"

"அப்பளம்பா இது," என்றார் மகனைப் பார்த்து. "எறங்கு."

"எல்லா புது வண்டியும் அப்படித்தான்பா."

"அப்போ எல்லாத்துல இருந்தும் எறங்கு."

பையன் இறங்கினான். கதவை மெதுவாகச் சாத்தினான். போகும்போது திரும்பிப் பார்த்தான்.

பிறகு பழைய வண்டி யார்டுகள். கன்டோன்மென்ட் பக்கம், லால்பாக் பக்கம், ஹோசூர் ரோட்டில். ஒவ்வொரு ஞாயிறும். எல்லோரும் பானெட்டைத் திறப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், டயரை உதைப்பார்கள். இவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து தலையைச் சாய்த்து மேலே பார்ப்பார். உள்துணியை அமுக்கிப் பார்ப்பார். இறங்கி மேலே விரல் முட்டியால் தட்டுவார். தட்டின ஓசை பிடிக்காவிட்டால் 'வா' என்பார். ஓட்டிக்கூடப் பார்க்க விடமாட்டார். நல்ல வண்டிகள் போயின. இரண்டு மூன்றை எனக்கே பிடித்திருந்தது. அதை எடுத்தவர்கள் அப்புறமும் அதே ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார்கள். பார்த்திருக்கிறேன்.

ஒரு யார்டில் வெயிலில் நின்று அலுத்துப்போய் அண்ணி சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே கதைதான். ஊரே என்னைப் பாக்குது, இவரு எங்க வூட்டு ஓட்டைப் பாத்துக்கினு கீறாரு. எங்கப்பாவே கேட்டுட்டாரு, 'மாப்ள, பொண்ணு கீழ ஒக்காந்திருக்குது'ன்னு."

யார்டுக்காரர்கூட சிரித்தார். பையனும் சிரித்தான். அண்ணன் காதில் விழாத மாதிரி அடுத்த வண்டிக்குப் போனார். ஆனால் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கோடை தொடங்கும்போது கிடைத்தது அது. வெள்ளை வண்டி. பழைய மாடல், கனம். கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். பின் சீட்டில் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. மேலே தட்டினார். மறுபடி தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார்.

"கேட்டியா?"

"கெட்டியாத்தான் இருக்குண்ணே."

"பாறை."

யார்டுக்காரர் பாய் வயசானவர், நேர்மையான ஆள். அவரே சொன்னார்: "பாடி நல்லா இருக்கு சாப். வண்டி கடலோரத்துல இருந்து வந்தது. அடியில உப்பு தின்னிருக்கும். அங்க பிட் இருக்கு, ஏத்திப் பாத்துக்கங்க. அப்புறமா என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

பிட் என்பது தரையில் மார்பளவுக்கு வெட்டி சிமெண்ட் பூசின குழி. அதன்மேல் வண்டியை நிறுத்துவார்கள். ஆள் குழியில் இறங்கி அண்ணாந்து வண்டியின் அடியைப் பார்க்க வேண்டும். பையன் வண்டியைக் கொண்டுபோய் பிட் மேல் நிறுத்தினான். நான் படியில் கால் வைத்தேன்.

"எறங்காத!"

யார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, அடிய பாக்கணும். இதுல தப்பு இருந்தா மேல தெரியாது."

"தலைமேல அத்தனை கனம் நிக்குது. அதுக்குக் கீழ எதுக்குப் போற? முட்டு கீதா அதுக்கு? யாரு வெச்சா முட்டு?"

"நாலு சக்கரமும் தரையிலதானேண்ணே நிக்குது. தினம் இறங்கறாங்க. எங்க வேனுக்கே நான் இறங்கறேன்."

"உன் வேனுக்கு நீ எறங்கிக்கோ. என் கண்ணு முன்னால எறங்காத."

பையன் இறங்கி வந்தான். "நான் பாக்கறேம்பா. ஒரு நிமிஷம்." அவன் படிப்பக்கம் போனான்.

அவர் குறுக்கே நின்றார். பையன் அவரைவிட அரையடி உயரம். இருந்தும் நின்றான்.

"கடைசி ஷிப்ட் முடிஞ்சு மேல வந்து மண்ணைத் தொட்டுச் சொன்னேன். இனி நானும் குழியில எறங்க மாட்டேன், எம்புள்ளையும் எறங்க மாட்டான். எங்கப்பன் எறங்கினான், நான் எறங்கினேன், போதும்."

"அது மைனுப்பா. இது மார்பளவு பள்ளம்."

"குழி குழிதான்."

பாய் தலையைச் சொறிந்தார். "என்ன சாப் இது, வண்டி வாங்கறதுக்கு சத்தியமா?"

"அடியில இன்னா இருக்கு, தரைதானே. தரை ஆளைக் கொல்லாது," என்றார் அவர். "இதையே எடுத்துக்கறோம்."

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. பையன் வண்டியைப் பின்னால் எடுத்தான். குழி வெறுமனே கிடந்தது, அடியில் எண்ணெய்த் தண்ணி.

வண்டி சந்துக்குள் வந்த அன்றைக்கு எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள் எதிர்வீட்டுக்காரி. அண்ணனுடையது புத்தர் படம் வைத்திருக்கிற குடும்பம். அதெல்லாம் வேண்டாம் என்றார். டேஷ்போர்டில் சின்ன புத்தர் படம் ஒட்டி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி எடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் ஆரன் அடித்துப் பார்த்தன.

அந்த ஞாயிறு கே.ஜி.எஃப். போனோம். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் அண்ணி, புதுப் புடவை. ரயில் கேட்டில் நின்றபோது, கதவெல்லாம் ஆள் தொங்குகிற வண்டி ஒன்று போனது. அண்ணி ஜன்னலை இறக்கி அதையே பார்த்தார். தெரிந்த முகம் இருக்குமோ என்று பார்த்திருப்பார். அண்ணன் பின்னால் என் பக்கத்தில் கையை மேலே தூக்கிக் கூரைத்துணியில் உள்ளங்கையை வைத்தபடியே வந்தார். பங்காருபேட்டை தாண்டும்போது கை இறங்கியது. தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை என் தோளில். மேலே பாராமல் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பையனுக்கு வண்டி ஓடியது. காலையில் போவான், சாயங்காலம் வருவான். முகத்தில் சதை போட்டது. பெண் பார்க்கலாம் என்று அண்ணி பேச ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. ஆட்களை கம்பெனியில் இறக்கிவிட்டு ஹோசூர் ரோட்டில் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். வேகமும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முன்பக்க இடது சக்கரம் திடீரென்று வெளியே சாய்ந்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டு நடுவில் இருந்த தடுப்புக் கல்லில் மோதியது. கவிழவில்லை. உருளவில்லை. மோதி நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவரை அழைத்துப் போனேன். பையன் உயிரோடு இருந்தான். முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வராது என்றார் டாக்டர். அவர் கன்னடத்தில் சொன்னார், ஒரு நர்ஸ் தமிழில் சொன்னாள். இரண்டு தடவையும் அண்ணன் தலையாட்டினார். அது ரொம்ப உயரமான வார்டு. கூரையில் பெரிய பெரிய ஃபேன்கள் ஆடிக்கொண்டே சுற்றின. அவர் மேலே பார்க்கவில்லை. நான் கவனித்தேன். உள்ளே நுழைந்ததில் இருந்து பார்க்கவில்லை.

வண்டி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்தது. பேப்பர் வேலைக்கு அவரோடு போனேன். ஒரு மெக்கானிக் வந்து பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையைக் கழற்றிக் காட்டினான். எப்போதோ விரிசல் விட்டு வெல்டிங் வைத்து மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்த கை. சுற்றிலும் உப்பு தின்று பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"பிட்ல ஏத்தி ஒரு டார்ச் அடிச்சிருந்தா சின்னப் பையனுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றான் அவன். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

நான் பேச்சை மாற்றினேன். அவர் அந்த இரும்பை வாங்கிப் பார்த்தார். விரலால் சுரண்டினார். துரு சட்டையில் கொட்டியது. திருப்பிக் கொடுத்தார்.

"கீழ," என்றார்.

சந்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். எலுமிச்சம்பழம் வைக்கவில்லை, அதான் என்றாள் எதிர்வீட்டுக்காரி. வெள்ளை வண்டி ஆகாது என்றான் ஒருத்தன். அண்ணி மட்டும் ஒருநாள் தண்ணிக் குழாயடியில் என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கு அந்தப் பள்ளத்துல அவன் எறங்கி இருந்தா தெரிஞ்சிருக்குமா தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சிருக்கும் அண்ணி."

குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "அவருகிட்ட நான் கேக்க மாட்டேன்," என்றார். "கேட்டா செத்துருவாரு."

வண்டியை உடைக்கிறவனுக்குக் கொடுத்தோம். அவன் ஒருதரம் சுற்றி வந்தான். "எஞ்சின் போச்சு, முன்பக்கம் போச்சு. கூரை மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெரியவரே. ஒரு கீறல் இல்ல. இதை வெட்டி வேற வண்டிக்கு வெச்சுக்கலாம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பு நுனியால் ஒரு போல்ட்டைத் தள்ளினார். எல்லாம் எடுத்துக்கோ என்று கையால் காட்டிவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் நடப்பது மாறிப்போனது. முகவாய் மார்பில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையைப் பார்ப்பார். பாதாளச் சாக்கடை மூடி வந்தால் சுற்றிக்கொண்டு போவார். பிள்ளைகள் கொஞ்ச நாள் "ஏரோப்ளேன் தாத்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தன. அப்புறம் விட்டுவிட்டன.

கடைசியாக நான் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தது ஒரு சாயங்காலம். கே.ஜி.எஃப்.புக்கே திரும்பிப் போவதென்று முடிவாகியிருந்தது. அங்கே அண்ணியின் அக்கா ஒரு அறை ஒதுக்கித் தருகிறேன் என்றிருந்தாள். பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. பையன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அவனால் தானாகப் புரள முடியாது. அவர் கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தார்.

தெருவில் தண்ணி லாரி ஒன்று போனது. சுவர் அதிர்ந்தது. மேலே இருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து பையனின் மார்பில் விழுந்தது. பழைய ஆளாக இருந்தால் மகனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பார். அவர் தலை நிமிரவில்லை. பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தோளைக் குறுக்கிக்கொண்டார்.

பையன் அதைப் பார்த்தான். படுத்தபடியே கையைக் கீழே நீட்டி அவர் தலையைத் தொட்டான்.

"அப்பா. ஒண்ணும் இல்லப்பா. வெறும் சுண்ணாம்பு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"எத்தனை நாளாச்சு நீ தூங்கி. படு. மேல நான் பாத்துக்கறேன்."

அவர் தரையைப் பார்த்தபடியே தலையாட்டினார். படுக்கவில்லை.